நண்டுக் கண்ணாடியும் புல்லாங்குழல் கண்ணாடியும்

எங்கள் வீட்டில் இரண்டு பைனாகுலர்கள் இருந்தன. ஒன்று என்னுடையது, மற்றது அக்காவின் கணவரான அத்தானுடையது. எது நல்லது என்பதில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன நாள் கிடையாது. அக்கா மட்டும் இரண்டையும் ஒரே அளவுக்கு வெறுத்தாள். பினாங்கின் ஈரக்காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று பயந்து, நாங்கள் அவற்றை பிஸ்கட் டின்னில் வறுத்த அரிசி போட்டு அதற்குள் வைத்திருந்தோம். அரிசியை வறுத்துத் தர வேண்டியவள் அவள்.

"மனுசர் திண்ட அரிசி போதாதெண்டு இப்ப கண்ணாடியும் தின்னுது" என்பாள்.

அப்போது நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, பட்டணத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக அரிச்சுவடி சொல்லிக் கொடுத்துக்கொண்டு, நிரந்தர வேலைக்காகக் காத்திருந்தேன். குடியிருந்தது அக்கா வீட்டில். சுங்கை பினாங் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று இப்பால், மரத்தால் கட்டிய மாடி வீடு. பின்பக்கத்து மாடத்தில் நின்றால் ஆற்றுமுகத்துச் சேறும், கடலில் மீன் பிடிக்க நட்டிருக்கும் கழிகளும் தெரியும். நீர் வற்றும் நேரம் அந்தச் சேற்றில் உள்ளான்களும் கொக்குகளும் வந்து இறங்கும். அத்தான் துறைமுக அலுவலகத்தில் கிளார்க். அலுவலகம் விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் மாடத்துக்கு வந்துவிடுவார். இருவருக்கும் ஒரே பைத்தியம். அதனால்தான் சண்டையும்.

முதலில் வாங்கியவள் நான். முதல் சம்பளம் கைக்கு வந்த வாரமே சூலியா தெருவுக்கு ஓடினேன். அங்கே ஒரு முஸ்லிம் அண்ணன் கடை வைத்திருந்தார். கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகும் கடிகாரம், திசைகாட்டி, கத்தி, பூட்டு எல்லாம் கண்ணாடி அலமாரியில் ஒன்றாகக் கிடக்கும். என்னுடையது போரோ வகை. உள்ளே இருக்கும் கண்ணாடிப் பட்டகங்கள் ஒளியை இப்படியும் அப்படியும் திருப்பி அனுப்புவதால், குழல் நடுவில் முழங்கை போல மடங்கி, முன்கண்ணாடிகள் இரண்டும் அகன்று விலகி நிற்கும்.

"தங்கச்சி, இது கேப்டன் கையில இருந்த சாமான் லா" என்றார் கடைக்கார அண்ணன். "இதுல பாத்தா சுமத்ராவுல யாரு வீட்டுல சோறு பொங்குதுன்னு தெரியும்."

சோறு தெரியவில்லை. ஆனால் எதிர்க்கடைக் கூரையில் உட்கார்ந்திருந்த மைனாவின் கண்ணைச் சுற்றிய மஞ்சள் தெரிந்தது. அது போதும் எனக்கு.

அத்தானால் ஒரு மாதம் பொறுக்க முடிந்தது. மறு மாதம் என்னையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனார். அவருக்குக் காட்டப்பட்டது வேறு ஜாதி. பட்டகத்தின் ஒரு முகத்தை வீட்டுக் கூரை போல இருபக்கச் சரிவாகச் செதுக்கியிருப்பார்களாம். அதனால் முழங்கையே இல்லாமல் ஒளி நேராகப் புகுந்து நேராக வெளியே வரும். ஒல்லியாக, இரண்டு குழல்கள் ஒட்டிப் பிறந்தது போல இருந்தது.

"தோள்பட்டை பெருசா இருக்குறது பழைய மாடல் சார். இது புதுசு. ஜெர்மன்காரன் மூளை."

"போன மாசம் எனக்கு வேற மாதிரிச் சொன்னீங்களே, அண்ணே?" என்றேன்.

"போன மாசம் இது கடைக்கு வரலையே தங்கச்சி!" என்று சிரிக்காமல் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா இரண்டையும் மேசையில் வைத்து, இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "இது நண்டு. அது புல்லாங்குழல். ஒண்டு கடிக்கும், ஒண்டு ஊதும். வேற என்ன பிரயோசனம்?" அன்றிலிருந்து வீட்டில் அவற்றுக்கு அதுதான் பெயர்.

இங்கே எங்கள் கண்களைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்குக் கிட்டப்பார்வை. மூக்குக்கண்ணாடி இல்லாவிட்டால் எதிர்வீட்டுப் பூனையும் எதிர்வீட்டு அம்மாவும் எனக்கு ஒன்று. பைனாகுலரைக் கண்ணோடு ஒட்ட வைக்க மூக்குக்கண்ணாடி இடைஞ்சல் என்பதால் அதைக் கழற்றிவிட்டுத்தான் பார்ப்பேன். அத்தானுக்குத் தூரத்தில் கழுகு பறந்தால் தெரியும். பேப்பர் படிக்கத்தான் கையை நீட்டு நீட்டென்று நீட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர்மலைப் பூந்தோட்டத்துக்குப் போவோம். அங்கேதான் ஒப்பீடு நடக்கும். என் நண்டின் முன்கண்ணாடிகள் விலகி இருப்பதால், ஒரு கிளைக்குப் பின்னால் இன்னொரு கிளை, அதற்கும் பின்னால் பறவை என்று படிப்படியாக ஆழம் தெரியும். மர நிழலில், மழை இருட்டில்கூட நிறம் மங்காது. ஆனால் கனம். கழுத்தில் தொங்கவிட்டு மலையேறினால், இறங்கும்போது தலை நிமிராது. அத்தானின் புல்லாங்குழல் கோட்டுப் பைக்குள் போய்விடும். ஒற்றைக் கையில் பிடிக்கலாம். கண் போகும் திசையிலேயே குழலும் நேராகப் போவதால் பறவையைத் தேடிப் பிடிப்பது சுலபம் என்று அவர் சொல்வார்.

சொல்வார் என்றுதான் எழுத முடியும். ஏனென்றால் அவருடையதை வாங்கி நான் பார்த்தபோதெல்லாம் எனக்குத் தெரிந்தது ஒரே மூடுபனி. மரகதப் புறாவைக் காட்டுகிறேன் என்று தருவார். நான் பார்ப்பது பச்சையாகக் கரைந்த ஒரு திட்டு.

"வடிவாத் தெரியுதோ, மச்சாள்?"

"பச்சையா ஏதோ ஒண்டு இருக்குது, அத்தான். புறாவும் இருக்கலாம், வெத்திலையும் இருக்கலாம்."

அவர் என் நண்டை வாங்கிக் கண்ணில் வைத்து, ஒரு நிமிடம் மரியாதைக்கு அப்படியே நின்று, பிறகு திருப்பித் தருவார். "நல்ல சாமான்தான். மழைக்காலத்தில யன்னல் கண்ணாடிக்குள்ளால பாக்கிற மாதிரி ஒரு சுகம்."

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. அது அத்தானின் அலுவலகத்திலிருந்து வந்தது. அங்கே ஒருவர் மேசையிலுள்ள மைக்கூட்டை இன்னொருவர் தொட்டு நகர்த்த மாட்டார். ஒருவர் கைக்குப் பழகிய பேனாவில் இன்னொருவர் கையெழுத்துக்கூடப் போடமாட்டார். தேதி முத்திரையை இரவல் வாங்கினால், எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அந்தப் பக்கம் பார்க்கத் திருப்பி வைக்க வேண்டும். வீட்டிலும் அப்படித்தான். அவர் சவரம் செய்யும் கண்ணாடியின் சாய்வை யாரும் மாற்றக்கூடாது. என் குடையின் கம்பியை அவர் நிமிர்த்தமாட்டார். எனக்குப் பள்ளியில் கன்னியாஸ்திரிகள் கற்பித்ததும் இதே பாடம்: வாங்கினபடியே திருப்பிக் கொடு. ஆகவே நாங்கள் இரண்டு பேரும் படித்த, மரியாதை தெரிந்த, அடுத்தவர் சாமானில் அத்துமீறாத மனிதர்களாக ஒரு வருடம் முழுக்கச் சண்டை போட்டோம்.

அதற்குள் எனக்கு ஈப்போவில் வேலை கிடைத்தது. சுண்ணாம்பு மலைகள் நிறைய உள்ள ஊர், கடல்தான் இல்லை. போக வேண்டிய நாள் நெருங்கியபோது எனக்கு ஒரே ஒரு மனக்குறை. பால்வெள்ளை நாரையை நான் பார்த்ததில்லை. உடம்பெல்லாம் பால் வெள்ளை, சிறகின் விளிம்பு கறுப்பு, முகம் மட்டும் வெயிலில் காய்ந்தது போலச் சிவப்பு. எதிர்க்கரையில் ஜுரு ஆற்றுமுகத்தில், சேற்றில் வேரூன்றி நிற்கும் கண்டல் மரக்காட்டருகே அது வந்து நிற்கும் என்று கேள்வி. அத்தானும் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் சொந்தமாக ஒரு மோட்டார் படகு வைத்து, எதிர்க்கரைத் தோட்டங்களுக்கு மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டு போய்வருவார். ஒரு வெள்ளிக்கிழமை வேலி ஓரம் நின்று கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஞாயித்துக்கிழமை ஜுரு பக்கம் போறேன் லா. என் சம்சாரமும் வருது, அவ தங்கச்சி வீட்டுக்கு. நீங்க தேடுற அந்த வெள்ளக் கொக்கு அங்கதான் நிக்குது, போன வாரம்கூடப் பாத்தேன். வரீங்களா? ஆனா ஒரு ஆளுக்குத்தான் எடம். மத்ததெல்லாம் அரிசி மூட்ட."

எனக்குப் பின்னால் படியில் அத்தான் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

அன்று சாப்பாட்டில் அவர்தான் ஆரம்பித்தார். "நீரே போம், மச்சாள். அடுத்த கிழமை ஈப்போ போறீர். நான் இஞ்சதானே இருக்கப்போறன்."

அதோடு நிறுத்தியிருந்தால் நான் ஓடிப்போய் அவர் காலில்கூட விழுந்திருப்பேன். ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டே, "என்ன, உம்மட அந்த நண்டால பாத்தா நாரைக்கும் அரிசி மூட்டைக்கும் வித்தியாசம் தெரியுமோ எண்டதுதான் யோசனை" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "விட்டுக்குடுக்க வேண்டாம், அத்தான். எந்தக் கண்ணாடி நல்லதோ அந்தக் கண்ணாடிக்காரர் போகட்டும். நாளைக்கே பாப்பம்."

"பாப்பம்."

"ஆர் தீர்ப்புச் சொல்லுறது?"

இரண்டு பேரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டே, "என்னை ஏன் பாக்கிறியள்? எனக்குக் கொக்கும் காகமும்தான் தெரியும்" என்றாள்.

"அதுதான் நல்லது" என்றார் அத்தான். "பக்கம் சாயாத ஆள்."

சனிக்கிழமை மாலை நீர் வற்றியிருந்தது. கடலில் நட்ட கழி ஒன்றின் மேல் ஒரு சின்ன வெள்ளைக் கொக்கு உட்கார்ந்திருந்தது. சோதனை இதுதான்: அந்தக் கொக்குக்குக் கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். காலுறை போட்டது போல இருக்கும். அந்த மஞ்சள் எதில் தெரிகிறதோ அது வென்றது.

முதலில் நான். நண்டில் மஞ்சள் பாதம் அப்படியே தெரிந்தது. ஒரு காலைத் தூக்கித் தலையைச் சொறிந்ததுகூடத் தெரிந்தது. புல்லாங்குழலில் கழியே இரண்டாகத் தெரிந்தது. அடுத்து அத்தான். அவருக்குப் புல்லாங்குழலில் பாதம் மட்டுமல்ல, நகமும் தெரிந்ததாம். நண்டில் கொக்கு இருந்த இடத்தில் யாரோ சுண்ணாம்பைத் தடவி வைத்தது போல இருந்ததாம். ஆளுக்கொரு வாக்கு. நாங்கள் எதிர்பார்த்ததுதான்.

"இஞ்சரும், வாரும் கெதியா! கொக்குப் பறக்கப் போகுது" என்று அத்தான் கூப்பிட்டார்.

அக்கா அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நண்டைத் தூக்கிக் கண்ணில் வைத்தாள்.

"என்னடி இது? ஒரு கோதாரியும் தெரியேல்லை."

அத்தான் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நான் பேசுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா, அவரவர் பார்வைக்கு ஏற்பத் திருகக் கண்ணருகே இருந்த வளையத்தைப் பிடித்து 'கிறுக் கிறுக்' என்று திருகினாள்.

"ஐயோ, அதைத் தொடாதேங்கோ அக்கா!" என்று நான் கத்தினேன்.

"உம்மட சாமானில்லை அது!" என்று அத்தானும் கத்தினார். என் சாமானுக்காக அவர் அப்படிப் பதறியது இன்றைக்கும் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

அக்காவிடம் எங்கள் வீட்டுச் சட்டம் செல்லாது. பிரைமஸ் அடுப்பு, தையல் மெஷின், கிராமபோன், அத்தானின் கைக்கடிகாரம் எதுவானாலும் சரி, திருகுவதற்கு ஒரு குமிழ் இருந்தால் திருகிப் பார்த்துவிடுவாள். பாதி வேளை கெட்டுப்போகும். அதற்காக அவள் வருத்தப்பட்டதில்லை. ஒரு பக்க வளையத்தைத் திருகினாள், மறுபக்க வளையத்தைத் திருகினாள், நடுவில் கீலை மடக்கினாள்.

"ம், இப்ப சரி. மஞ்சள் பாதம்தானே? தெரியுது. பாவம், ஒரு காலில நிக்குது." நண்டை வைத்துவிட்டுப் புல்லாங்குழலை எடுத்தாள். அதையும் 'கிறுக் கிறுக்'. "இதிலயும் மஞ்சள்தான். ரெண்டும் ஒண்டுதான், போங்கோ."

"அதெப்பிடி ஒண்டாகும்?" என்றோம் இருவரும் ஒரே குரலில்.

"ஏன், நீங்கள் திருகிப் பாக்கேல்லையோ?"

நாங்கள் இருவரும் அந்த வளையங்களைக் குனிந்து பார்த்தோம். கீழே சேற்றில் உள்ளான்கள் கத்திக்கொண்டிருந்தன. அத்தான் மெல்ல என் பக்கம் திரும்பி, மிகவும் தணிந்த குரலில், "மச்சாள், திருகலாமோ?" என்று கேட்டார். "தாராளமா, அத்தான். நானும் உங்கடதை..." என்றேன். "ஓம், ஓம், திருகும்."

திருகினோம். கிட்டப்பார்வைக்காரிக்கென்று கோணலாக வைத்திருந்த என் நண்டில், அத்தான் முதல் தடவையாகக் கொக்கின் காலுறையைப் பார்த்தார். ஒரு வருடம் நான் மூடுபனி என்று பழித்த புல்லாங்குழலுக்குள் கழி ஒன்றாகியது. கொக்கு கண்ணைச் சிமிட்டியது. நான் பார்க்காமல் விட்ட மரகதப் புறா எல்லாம் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

நேர்மையாகச் சொன்னால் வித்தியாசம் இருக்கத்தான் செய்தது. நண்டில் வெளிச்சம் ஒரு கரண்டி கூட. கடலும் கழியும் கொக்கும் தனித்தனித் தட்டில் வைத்தது போல ஆழம். புல்லாங்குழலில் ஓரம் சற்றே மென்மை, ஆனால் கையில் வைத்திருப்பதே தெரியாத சுகம். ஒரு வருடச் சண்டைக்கு அது போதாது. ஒரு மாலை நேரப் பேச்சுக்குத் தாராளம்.

"அப்ப ஆர் போறது?" என்று கேட்டேன். நாரை எனக்கு மறக்கவில்லை.

"சமன் எண்டால் சோதனையைத் திருப்பி வைப்பம். இன்னொரு பறவை வரட்டும்" என்றார் அத்தான்.

"ஒருத்தரும் வைக்க வேண்டாம்" என்றாள் அக்கா. "நான் போறன்."

நாங்கள் விளங்காமல் பார்த்தோம்.

"ஏன், நான் போகக் கூடாதோ? பக்கத்து வீட்டக்கா என்னைத்தான் முதலில கேட்டவ. இவை ரெண்டு பேரும் ஆசைப்படுகினம், போகட்டும் எண்டு விட்டனான். விட்டுக்குடுத்தால் சண்டை, வாங்கினால் சண்டை. என்னைத்தானே தீர்ப்புச் சொல்லச் சொன்னியள்? இதுதான் தீர்ப்பு."

"நீர் கொக்குப் பாக்கப் போறீரோ?" என்றார் அத்தான், நம்ப முடியாமல்.

"கண்ணாடியையும் தாங்கோ. ரெண்டையும்."

மறுநாள் காலையில் அவள் படகில் ஏறிய காட்சியை நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். நல்ல சேலை, தலை நிறையப் பூ, கழுத்தில் தாலிக்கொடி, அதற்கு மேல் நண்டு, அதற்கும் மேல் புல்லாங்குழல். அரிசி மூட்டை மேல் பக்கத்து வீட்டக்காவோடு உட்கார்ந்து, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் மட்டும், "அடுத்த தடவ பாப்போம் தங்கச்சி" என்று கையாட்டினார். அடுத்த தடவை நான் ஈப்போவில் இருப்பேன்.

அன்று பகல் முழுக்க நானும் அத்தானும் வெறும் கண்ணோடு மாடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவருக்குத் தூரத்தில் ஏதோ தெரிந்தது. எனக்கு மூக்குக்கண்ணாடி போட்டும் தெரியவில்லை. பிறகு சமைக்க இறங்கிச் சொதி வைத்தோம். தேங்காய்ப்பால் திரிந்தது யாரால் என்று ஒரு சண்டை. கண்ணாடி இல்லாவிட்டால் எங்களுக்குச் சண்டை போட வேறு விஷயம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மாலையில் அக்கா வந்தாள். வெயிலில் முகம் சிவந்து, சேலை ஓரமெல்லாம் சேறு.

"பாத்தீங்களோ?" நான் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"என்னத்தை?"

"நாரையை, அக்கா!"

"ஓ, அதுவோ. பாத்தன்." செருப்பைக் கழற்றினாள், காலைக் கழுவினாள், தண்ணீர் குடித்தாள். நாங்கள் இரண்டு பேரும் பின்னாலேயே நடந்தோம். "கொக்குத்தான். கொஞ்சம் பெரிசு."

"இஞ்சரும், விளையாடாதேயும்" என்றார் அத்தான்.

அக்கா கதிரையில் உட்கார்ந்தாள். பிறகு அவள் குரலே வேறாக மாறியது. "முதலில ஆரோ வெள்ளை வேட்டி காயப்போட்டிருக்கினம் எண்டு நினைச்சன். பிறகு அது நடந்தது. ஒரு நாள் அலுவலை ஒரு கிழமைக்குச் செய்யிற ஆக்கள் மாதிரி, அவசரமில்லாமல். மூக்கைச் சேத்துக்குள்ள விட்டுத் தடவித் தடவிப் பாக்குது. நான் அடுக்களையில இருட்டுக்குள்ள உப்புப் போத்தல் தேடுற மாதிரி. முகம் சிவப்பு. என்னைத் திரும்பிப் பாத்தது. பறக்கேக்க செட்டை ஓரமெல்லாம் கறுப்பு, மை தொட்ட மாதிரி..." அவள் நிறுத்தினாள். "படகில ஒரு கையால கம்பியைப் பிடிக்க வேணும், அப்ப புல்லாங்குழல்தான் நல்லது. கரையில இறங்கினாப் பிறகு நண்டு. நிழலுக்க நிண்ட குஞ்சுகூடத் தெரிஞ்சது."

ஒரு வருடம் நாங்கள் சேர்ந்து சொல்லாததை அவள் ஒரு பகலில் சொல்லிவிட்டாள். எனக்குப் பொறாமையில் கண் கலங்கியது. அத்தான் மேசையில் விரலால் தாளம் போட்டார். அவருக்கும் அதே நிலை என்று அர்த்தம்.

நான் நண்டை எடுத்துக் கண்ணில் வைத்தேன். ஒரே மூடுபனி. அத்தான் புல்லாங்குழலை எடுத்தார். அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், அங்கேயும் மூடுபனி. இரண்டும் அக்கா கண்ணுக்கு வைத்தபடி இருந்தன. பழக்கம் விடுமா? அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"இஞ்சரும், திருகலாமோ?"

"இண்டைக்கு வேண்டாம்" என்றாள் அக்கா. "நாரை பாத்த கண்ணாடி. நாளைக்குத் திருகுங்கோ."

உற்றுப் பார்த்தபோதுதான் கவனித்தேன். இரண்டு பைனாகுலர்களிலும் கண்ணருகே உள்ள வளையத்தில், அவள் நெற்றியிலிருந்த சாந்தைத் தொட்டு ஆளுக்கொரு புள்ளி வைத்திருந்தாள். அடுத்த முறை தன் கண்ணுக்கு உரிய இடத்தைத் தேட வேண்டாம் அல்லவா.

நாரையைப் பார்க்காமலேதான் ஈப்போவுக்கு ரயில் ஏறினேன். இங்கே சுண்ணாம்புப் பாறைகளில் வல்லூறு இருக்கிறது, அதுவும் நல்ல பறவைதான். நண்டை எடுத்துக் கண்ணுக்குச் சரிசெய்யும்போதெல்லாம் வளையம் அந்தச் சாந்துப் புள்ளியைக் கடந்துதான் என் இடத்துக்கு வருகிறது. துடைத்தால் போய்விடும். ஆனால் அது என் சாமானில் இருந்தாலும், வைத்தவள் அவள். கேட்காமல் எப்படித் துடைப்பது? விடுமுறைக்குப் போகும்போது கேட்க வேண்டும். போன வாரம் அத்தான் எழுதியிருந்தார்: அக்கா இப்போது அரிசியை யாரும் சொல்லாமலே வறுக்கிறாளாம். புல்லாங்குழலை அவர் கண்ணில் பார்த்தே பல நாளாகிறதாம்.